ஜீப் நேரம்

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும், பாப்பா அவள் அம்மா தேவயானி மடியில் இருக்கிறாள், தேனி பஸ் ஸ்டாண்டில் ஏறியதுமே உட்கார இடம் கிடைத்தது, பிறகு ஏன் இந்த எரிச்சல்... "நிபந்தனையின் பேரில் தாயிடம் ஒப்படைக்கிறோம்" என்று குழந்தைகள் நலக் குழுவின் தலைவியம்மா வாசித்தபோது தேவயானி தலையாட்டிய வேகம்தான் காரணமாக இருக்கும். என்ன நிபந்தனை என்று காதில் விழும் முன்பே ஆட்டிவிட்டாள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். குழந்தையை இனித் தனியாக விடக்கூடாது, தகுந்த பராமரிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், மீறினால் குழந்தை மறுபடி குழந்தைகள் இல்லத்துக்கே போகும், அப்புறம் வெளியே எடுப்பது லேசில்லை. தகுந்த பராமரிப்பு என்றால் எது, அதை யார் தருவது, அவள் ஊரான காமயகவுண்டன்பட்டியில் அது எந்தக் கடையில் கிடைக்கும்... அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்டு நிறுவனத்தின் சமூகப் பணியாளர் என்று அவள் பக்கம் பேசப் போனவள் நான், ஆனாலும் கேட்கவில்லை, கேட்டால் முடிவை மாற்றிவிடுவார்களோ என்று பயம். கிடைத்தவரை லாபம் என்று வாயை மூடிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீரபாண்டி வந்ததும் தேவயானி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள், பாப்பாவின் கைகளையும் பிடித்துச் சேர்த்துவைத்தாள், பிறகு ஒட்ட வெட்டியிருந்த அந்தத் தலையை மறுபடி தடவ ஆரம்பித்தாள். இல்லத்தில் வெட்டியிருக்கிறார்கள், பேன் வராமல் இருக்க, வருகிற எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் வழக்கம், சுத்தம்தானே, குறை சொல்ல வாயில்லை. ஆனால் அது குலசாமிக்கு விட்டிருந்த பிறந்த முடி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்க வேண்டியது. ரெண்டு வயதாகியும் இறக்காமல் கிடந்ததற்கு அவள் புருஷன் பாண்டீஸ்வரன்தான் காரணம், கோயமுத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன் வரட்டும் வரட்டும் என்று பார்த்து, இப்போது அவன் போனைக்கூட எடுப்பதில்லை. எங்கள் வீடுகளிலும் பிறந்த முடி இறக்குவோம், ஏழாம் நாளே, அதனால் அது வெறும் முடி இல்லை என்று எனக்குத் தெரியும். "மெஹராஜ்க்கா, அந்த முடிய எங்கன போட்டாகன்னு கேட்டீகளா?" கேட்கவில்லை. அதையும் கேட்கவில்லை. "குப்பையிலதான் போட்டிருப்பாக" என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். அவள் அழவில்லை, நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பி வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள் என்று கோர்வையாக நினைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, சிரிக்கிற விஷயமா அது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப் விடியுமுன் வந்துவிடும், கம்பமெட்டு ஏறிக் கேரளாவுக்குள் போய், காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்பும். ஊரிலேயே திராட்சைத் தோட்டத்தில் வேலை உண்டு, ஆனால் எல்லா நாளும் கிடையாது, கூலியும் மலைக்கூலிக்குக் கிட்டே வராது. அங்கன்வாடி திறப்பது ஒன்பது மணிக்கு மேல். இடையில் இருக்கிற அந்த மூன்று நாலு மணி நேரம்தான் இந்தக் கேஸே. பாப்பாவைத் தூங்கவைத்து, வெளியே பூட்டி, சாவியை அங்கன்வாடி டீச்சர் அய்யம்மாள் வீட்டு வாசல் நிலை மேல் வைத்துவிட்டுப் போவாள், அய்யம்மாள் வேலைக்கு வருகிற வழியில் திறந்து, பிள்ளைக்கு முகம் கழுவிக் கூட்டிப் போவார். பிள்ளை பாதி நேரம் தூக்கத்திலேயே இருக்கும். ஒருநாள் அய்யம்மாளைத் திடீரென்று ஏதோ பயிற்சி என்று கூப்பிட்டுவிட்டார்கள், பாப்பா எழுந்து கத்தியிருக்கிறாள், யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள், குழந்தைகள் பாதுகாப்புத் துறையிலிருந்து வினோத்ராஜ் சார் வந்து பூட்டை உடைத்தார். நல்ல மனுஷர், பிள்ளைக்குப் பாலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தபிறகுதான் ஆபீஸ் ஜீப்பிலேயே ஏற்றினார். தேவயானி அப்போது மலையில் இருந்தாள், டவர் கிடைக்காத இடத்தில்.

இன்றைக்கு அங்கே எல்லாரும் பிடித்துக்கொண்டது அந்தப் பூட்டைத்தான். "வெளிய பூட்டு, உள்ள ரெண்டு வயசுக் குழந்தை, தீப்பிடிச்சா என்னம்மா பண்ணுவ?" என்று வினோத்ராஜ் சார் கேட்டார், சரியான கேள்வி, யார் கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். தேவயானி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மொதல்லாம் பூட்ட மாட்டேன் சார். எதுத்த வீட்டுச் சோணையம்மாக்கா வீட்டுல விட்டுட்டுத்தான் போவேன். நாடக மேடைல மைக்கு வச்சு ஒரு கூட்டம் போட்டாகல்ல, பொம்பளப் பிள்ளய யாரையும் நம்பி விடாதீக, சொந்தக்காரனா இருந்தாலும் நம்பாதீகன்னு... சோணையம்மாக்காவுக்கு எளவட்ட மகன் இருக்கான். அதுக்கப்புறந்தான் பூட்டு வாங்குனேன்." கூட்டம் போட்டது சாருடைய அதே துறைதான், வேறு பிரிவு. தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கூட்டத்தையும் குறை சொல்ல முடியாதே, அப்படிச் சொல்லாமல் விட்டதால் நாசமான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யாரையும் நம்பாதே என்றவர்கள், அதற்கு அடுத்த வாக்கியமாக, நம்பாமல் எங்கே விடுவது என்று சொல்லியிருக்க வேண்டுமில்லையா... சோணையம்மாள் இப்போது பேசுவதில்லை. நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "எம் மகன சந்தேகப்பட்டுத்தான பூட்டுப் போட்டா? இப்ப மட்டும் எப்படி நம்புறா?" என்று கேட்டார், அதுவும் சரியான கேள்வி. இந்தக் கேஸில் எல்லாரும் சரியான கேள்விதான் கேட்கிறார்கள்.

மதுரையில் சமூகப் பணி படித்தபோது சமூகக் கொள்கையை விமர்சனமாகப் பார்ப்பது என்று ஒரு பாடமே இருந்தது, ஒரு திட்டம் யாருக்காக, யார் தலையில் சுமை விழுகிறது, முடிவு எடுத்தது யார் என்று மூன்று கேள்வி சொல்லித் தந்தார்கள், நான் அதில் நல்ல மார்க். எத்தனை மணிக்கு என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை. ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று செக்போஸ்ட்டில் நிறுத்துகிறார்கள், வளைவில் ஒரு ஜீப் உருண்டபிறகு வந்த கட்டுப்பாடு, வேண்டியதுதான். தோட்டத்து ஷெட்டில் பிள்ளைகளை உட்காரவைக்க மேனேஜர் விடமாட்டார், குழந்தைத் தொழிலாளர் என்று கேஸ் வரும், அதுவும் நாங்களெல்லாம் கத்திக் கத்தி வந்த சட்டம். அங்கன்வாடியை விடியற்காலையில் திற என்றால் அய்யம்மாளும் ஒரு பொம்பளைதானே, அவர் வீட்டில் யார் அடுப்புப் பற்றவைப்பது... புருஷன் இல்லாதவளுக்கு உதவித்தொகை உண்டு, புருஷன் இருந்தும் இல்லாதவள் முதலில் அவன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அதற்கு அவன் வர வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நல்லது, நானே ஒவ்வொன்றுக்கும் கைதூக்குவேன். எல்லாம் சேர்ந்து நிற்கிற இடத்தில் தேவயானி கால் வைக்க இடமில்லை. இதை ஒரு கட்டுரையாக எழுதலாம், கருத்தரங்கில் வாசித்தால் கை தட்டுவார்கள்... தட்டட்டும், அதனால் பாப்பாவுக்கு என்ன ஆகப்போகிறது.

சீலையம்பட்டி தாண்டியதும் அவள் போன் அடித்தது, ஜீப் டிரைவர் அழகுமலை. ஸ்பீக்கரில் போட்டாள், பஸ் சத்தத்தில் காதில் விழாது என்று. "பிள்ள வந்துருச்சாத்தா? நல்லது. நாளைக்கு வாரியா இல்லையா, அதச் சொல்லு. ரொம்ப நாளா உன் எடத்த வச்சிருக்கேன், மார்க்கையன்கோட்டைக்காரி ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா." கொஞ்சம் தாமதமாக வரக்கூடாதா என்று இவள் இழுத்தாள். "ஒருத்திக்காக ஜீப்பு நிக்காதுத்தா, தெரியும்ல." கோபமாகச் சொல்லவில்லை, அவர் நிறுத்தினால் மலையில் மேஸ்திரி எல்லாருக்கும் அரைநாள் கூலிதான் போடுவான். வாரேன் என்று சொல்லிவிட்டாள். எதை நம்பி வாரேன் என்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது, பிறகு அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சின்னமனூரில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கி நறுக்கச் சொல்லிப் பாப்பாவிடம் ஒரு துண்டு கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், அம்மா சாப்பிடு என்று சொன்னபிறகுதான் கடித்தாள். இல்லத்தில் பழக்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான்.

உத்தமபாளையம் போய், அனுமந்தன்பட்டியும் போனது. பாப்பா என்னிடம் வந்து தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், எச்சில் என் முக்காட்டில் ஊறியது, கனமாக இல்லை. தேவயானி ரொம்ப நேரமாக எதையோ சொல்ல வாய் எடுத்து எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள், கம்பம் வர இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றபோது சொன்னாள். "அக்கா, ஜீப்பு உங்க வீட்டு வழியாத்தான் கம்பமெட்டுக்குப் போகும். அந்நேரம் உங்க வீட்டுல லைட்டு எரியும், தெனம் பாத்துட்டுத்தான் போவோம், மெஹராஜ்க்கா முழிச்சிருக்காகன்னு சொல்லிக்கிருவோம்... நாளைக்கு ஒருநா பாப்பாவ உங்ககிட்ட இறக்கி விட்டுட்டுப் போகட்டா? ஒம்பது மணிக்கு அய்யம்மா டீச்சரு கம்பத்துக்கே வந்து கூட்டிக்கிறேன்னாக. ஒருநாதான். அதுக்குள்ள எதாவது பாத்துக்கிறேன்."

உண்மைதான், விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தால் நான் பிறகு படுப்பதில்லை. என் கணவர் நௌஷாத் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், பிள்ளை என்றால் அவருக்கு உயிர். வீட்டில் இடம் இருக்கிறது, பால் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டு முடித்ததும் என் மனதில் வந்து நின்றது இதெல்லாம் இல்லை. பணியாளர் யாரும் தாம் பார்க்கிற குழந்தையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது, அதுதான் வந்து நின்றது. எங்கள் நிறுவனத்தின் விதி, தமிழில் அதை எழுதிக் கொடுத்ததே நான், ஏன் அப்படி என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் நான், அந்த விதி இல்லாத இடங்களில் என்னென்ன நடந்தது என்று உதாரணத்தோடு சொல்லுவேன். "தேவயானி, அது வந்து... எங்க ஆபீஸ்ல பாத்தியா..." என்று ஆரம்பித்துவிட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இல்லை, காலையிலிருந்து அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான், மரியாதையான, அன்பான குரல். தேவயானி முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை, இப்படித் தொடங்குகிற பேச்சை நிறையக் கேட்டுப் பழகியவள் போல, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கண்டக்டர் கம்பம் கம்பம் என்று தட்டினார், ஆட்கள் எழுந்தார்கள், பாப்பா என் தோளை விட்டு அசையவில்லை. நான் சொல்ல வந்தது நல்ல காரணம், யார் கேட்டாலும் சரி என்பார்கள், தேவயானியும் சரிக்கா என்றுதான் சொல்லுவாள், அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது.