ஒரு மீட்டர் வீடு

சுவரைத் துளைத்து வந்த குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கீனா நிறைந்த வாளியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். ஏசி அவளுடையது அல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராத்தா, கூடப்பிறந்த அக்கா ஜஹ்ராவுடையது. குளிர் அங்கே, ஒழுகும் தண்ணீர் இங்கே. குழாயைத் தெருப்பக்கம் திருப்புங்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிப் பார்த்தாள். "தண்ணிதானே ஏளா, தரை தொடைக்க ஆவுமே" என்றாள் ஜஹ்ரா. சக்கீனாவும் அதில்தான் தரை துடைக்கிறாள். மானங்கெட்ட பிழைப்பு என்று தினமும் தன்னைத் திட்டிக்கொள்வாள், துடைக்கவும் செய்வாள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். உம்மா தன் வீட்டை இரண்டு மகள்களுக்கும் பாதிப் பாதி என்று வாயால் சொல்லிவிட்டு, எழுதிவைக்காமல் மவுத்தாகிப்போனாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு நடுவில் சுவர் எழும்பியது, போய்வர ஒரு கதவு மட்டும் விட்டார்கள். தெருவாசல் ஜஹ்ராவுக்குப் போயிற்று. சக்கீனாவுக்கு முடுக்கு வாசல். முடுக்கு என்றால் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற சந்து, எதிரே ஒருத்தி வந்தால் இன்னொருத்தி ஒட்டி நிற்கவேண்டும். பிரிக்காமல் விட்டது கரண்டு மீட்டரை மட்டும்தான். அது இன்னும் உம்மா பெயரிலேயே, சக்கீனாவின் முடுக்கு வாசல் பக்கத்தில் தொங்கியது.

அந்த மீட்டர்தான் அவள் குடியைக் கெடுத்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிப் போட்டாள். தெருவில் யார் யாருக்கோ வந்தது, இவளுக்கு மட்டும் 'ஏற்கப்படவில்லை' என்று செல்போனில் வந்தது. காரணம் கேட்டால், வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கிறதாம். ஓட்டியது யார்? இவளிடம் இருப்பது இரண்டு ஃபேன், ஒரு டியூப் லைட்டு, ஒரு மிக்சி. புருஷன் ஈஸா ரியாத்தில் இடுப்பொடிந்து வந்த பிறகு ஒரு செருப்புக் கடையில் உட்கார்ந்து ஒன்பதாயிரம் வாங்குகிறார். அந்த ஆயிரம் வந்தால் சிலிண்டருக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதிலும் ராத்தாவின் முகத்தை.

தனி மீட்டர் வாங்க ஜஹ்ராவின் கையெழுத்து வேண்டும். ஐந்து தடவை கேட்டாயிற்று. ஐந்து தடவையும் "பாப்போம்". ஏன் பார்க்கிறாள் என்று முடுக்கில் நடக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரியும். புருஷன் துபாயில் இருக்கும் ஜஹ்ராவுக்கு இரண்டு பெண்கள். இரண்டு மாப்பிள்ளைக்கு இரண்டு வீடு வேண்டும், கையிலோ பாதி வீடு. தனி மீட்டர் வந்தால் இது இரண்டு வீடு என்று காகிதம் பேச ஆரம்பித்துவிடும். தங்கச்சி முடியாமல் போய் விற்றுவிட்டுப் போனால் வசதி. அதற்குத்தான் காத்திருக்கிறாள், தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே.

சக்கீனா மேல்முறையீடு செய்தாள். இன்றைக்கு விசாரணைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களுக்காக எதையும் எடுத்து ஒதுக்கக் கூடாது என்று அவள் காலையிலேயே தீர்மானித்திருந்தாள். கிழிந்த திரை கிழிந்தபடியே கிடந்தது. கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. விருந்தாளி வருகிற நேரத்தில் வீட்டை அலங்கோலமாகப் போட்டுவைக்க இந்த ஊரில் எவளும் பழகவில்லை.

வந்தவள் பெயர் ஜெயஷீலா, நாசரேத்காரி, சின்ன வயசு. கதவு எண்ணைப் பார்த்துத் தெருவாசலுக்குப் போயிருக்கிறாள். அப்புறம் கேட்கவேண்டுமா. நடுக்கதவைத் திறந்துகொண்டு ஜஹ்ராவே அவளை அழைத்து வந்தாள், கையில் வெள்ளித் தட்டோடு. தட்டில் துபாய் பேரீச்சம்பழம், பிஸ்தா, கிண்ணத்தில் வட்டிலப்பம். தன் வீட்டுக்கு வந்தவளுக்கு இவள் யார் தட்டு நீட்ட?

"சாப்பிடும்மா. எங்க வூட்டுக்கு வந்தவுகள வெறுவயித்தோட அனுப்ப மாட்டோம்."

"வேண்டாம்க்கா. வேலை நேரத்துல சாப்பிடக் கூடாது" என்ற ஜெயஷீலா சக்கீனாவைப் பார்த்தாள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டரா?"

"ஆமா மேடம். அதத்தான் மனுவுல எழுதியிருக்கேன்."

"எல்லாம் ஒரே வூடுதான்" என்று ஜஹ்ரா சிரித்தாள். "கரண்டு பில்லு நாந்தான் கட்டுதேன். என் தங்கச்சிக்கு இங்க ஒரு கொறையும் இல்லம்மா. நாங்க இருக்கோம்ல. இந்த ஆயிரத்துக்கெல்லாம் அவ கை ஏந்தணும்னு தலையெழுத்தா?"

பில்லில் கால்வாசியை இவளிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணி வாங்கிக்கொள்கிற கை அது. சக்கீனா அதைச் சொல்லவில்லை. வேறொன்று தொண்டைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு ரமலானிலும் இருபத்தேழாம் நாள் ஒரு கவர் வரும். மாமிகள் எல்லாரும் கூடியிருக்கும்போது, 'பாவம் சக்கீனா, அவளுக்குத்தான் முதல்ல' என்று சொல்லி ஜஹ்ரா நீட்டுவாள். சக்கீனாவும் தலையைக் குனிந்து வாங்குவாள்.

"ராத்தா, நோன்புல எனக்கு அஞ்சாயிரம் குடுத்தியளே, அது என்னது?"

ஜஹ்ராவின் சிரிப்பு அப்படியே நின்றது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"ஸகாத்துன்னு சொல்லித்தானே குடுத்திய."

"ஸகாத்துன்னா?" என்றாள் ஜெயஷீலா.

"இல்லாதவுகளுக்குக் குடுக்குறது மேடம். எங்க மார்க்கத்துல கடமை. கொறையில்லாதவளுக்குக் குடுத்தா அது செல்லாது." சக்கீனா ராத்தாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "நோன்புல நான் ஏழை, ஆபீஸ்லருந்து ஆளு வந்தா நான் வசதிக்காரி. எது நெசம்னு நீங்களே சொல்லுங்க. எனக்குக் கொறையில்லன்னா ஆறு வருசமா நீங்க ஸகாத்தே குடுக்கல."

ஜஹ்ரா நீட்டிய தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். சக்கீனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் தனக்கே நல்லதில்லை என்றும் தோன்றியது.

ஜெயஷீலா பேனாவை மூடினாள். "ஒரே இணைப்பு, ரெண்டு குடும்பம்னு எழுதிருக்கேன்க்கா. ஆனா மீட்டர் பிரிஞ்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். ஒப்புதல் படிவத்துல இந்த அக்கா கையெழுத்துப் போட்டாப் போதும். கையிலயே வச்சிருக்கேன்."

சக்கீனா ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்து வந்து, ஜெயஷீலா நீட்டிய படிவத்தின் மேல் வைத்தாள். ஜஹ்ரா அதைப் பார்க்கவே இல்லை.

"அவுக துபாய்லருந்து வரட்டும். கேட்டுச் சொல்லுதேன்" என்றபடி தட்டோடு திரும்பினாள். நடுக்கதவு சாத்திக்கொண்டது. ஜெயஷீலா படிவத்தைச் சக்கீனாவிடம் கொடுத்துவிட்டு முடுக்கு வழியாகப் போனாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கீனா முடுக்கு வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். அவள் ஃபேனும் நின்றது. உடனே வேர்த்தது.

"ஏளா, கரண்டு போயிட்டா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜஹ்ராவின் குரல்.

"போயிட்டு ராத்தா."

"தெருவுல எல்லாருக்கும் இருக்கே. எப்ப வரும்?"

சக்கீனா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மச்சான் துபாய்லருந்து வரட்டும். கேட்டுச் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல் அடங்கியிருந்தது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, வாளியில் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.