கேப்டன் வீட்டு வேகாத கோழி

ஆன்ஸ் கிரீஸ் ஊரில் ஓனேசிம் சோனியே அடுப்பில் ஏற்றிய கோழி, தவக்காலம் பாதி கழிந்த பின்னும் வேகவில்லை. அடுப்பு அணைந்து வெகுநாளாகிவிட்டது, சாம்பலைக்கூட வாரிக் கொட்டியாயிற்று. சட்டி மட்டும் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாசனை வீட்டுக் கூரைக்கு மேலே ஒரே இடத்தில் நின்றது. கடல் பக்கமிருந்து வரும் காற்று ஓக் மரங்களில் தொங்கும் பாசியையெல்லாம் ஆட்டிவிட்டு வரும், அந்த வாசனையை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். பெருவெள்ளத்துக்கு மறு வருடம் அது. நெல் விலை இறங்கியிருந்தது, கோவேறு கழுதை விலை ஏறியிருந்தது, ஊரில் பாதி வீடுகளில் கோழிக்கூடு காலி.

ஓனேசிம் வீட்டுக் கூடும் வெள்ளத்தோடு போனதுதான். அது போனால் போகட்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் மனைவி கிளெலிக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பினாள், பாலில் ஊறவைத்த சோள ரொட்டியைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே போனால் ஈஸ்டரைப் பார்க்கமாட்டாள் என்று வைத்தியர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அப்படிக் கிடந்தவள் ஒரு நாள் காலையில் சுவரைப் பார்த்தபடி வாய் திறந்தாள். "மூடிபோட்டு வேகவச்ச கோழி இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன். அடிச்சட்டி நல்லா முறுகி, வெங்காயமெல்லாம் கரைஞ்சு போயிருக்கணும். சோத்துல ஊத்தி." சொல்லிவிட்டு மறுபடி சுவரோடு கிடந்தாள். ஓனேசிம் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதார்.

ஒரு கோழிதானே, கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லும் வீடு அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கேப்டனாவது, போய்க் கையேந்துவதாவது! கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் அல்ல. தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மார்தி கிரா அன்று, ஊர் ஆண்கள் கம்பிவலை முகமூடியும் கூம்புத் தொப்பியும் ஒட்டுத்துணிச் சட்டையும் மாட்டிக்கொண்டு குதிரையில் வீடு வீடாகப் பிச்சைக்குப் போவார்கள். கோழி, அரிசி, சாசேஜ், வெங்காயம் என்று கிடைத்ததெல்லாம் வண்டியில் சேரும். சாயங்காலம் ஒரே அண்டாவில் ஊருக்கே கம்போ என்கிற குழம்பு கொதிக்கும். முகமூடி போட்டவன் என்ன வேண்டுமானாலும் செய்வான், சட்டைக்குள் எதை வேண்டுமானாலும் சொருகுவான். அவர்களை மேய்க்கத்தான் கேப்டன். அவர் ஒருவருக்கு மட்டும் முகமூடி கிடையாது. கையில் வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு முதலில் வாசலுக்குப் போய், "எங்க ஆளுங்களை உள்ளே விடுவீங்களா?" என்று கேட்பவர் அவர். ஊரிலேயே நேர்மையான ஆளுக்குத்தான் அந்தக் கொடியைக் கொடுப்பார்கள். ஓனேசிமின் அப்பா பிடித்த கொடி அது, அவரும் அதைப் பல வருடமாகப் பிடித்துவந்தார். ஊருக்காக நாள் முழுக்கக் கையேந்துகிற மனிதருக்குத் தன் வீட்டுக்காக ஒரு வாசலில் நின்று கேட்க நாக்கு வரவில்லை. கௌரவம் என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாயன்று மத்தியானம், நெவில் என்கிற இளவட்டம் ஒரு முழம் சாசேஜைச் சட்டைக்குள் சுற்றிவைத்திருந்ததை ஓனேசிம் கண்டுபிடித்தார். எல்லார் முன்னாலும் அவனைச் சேற்றில் முழங்கால் போடவைத்து, சாக்குத்துணியை முறுக்கிய சாட்டையால் முதுகில் நாலு போட்டார். "ஊர்ச் சொத்துல கை வைப்பியாடா?" என்று கேட்டார். நெவில் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அது விளையாட்டில் சேர்த்திதான். அதற்கு அடுத்த வீடு யூலாலி அத்தை வீடு. ஊருக்கே அத்தை அவர். விதவை, தனிக்கட்டை, வெள்ளத்தில் கூரைமேல் ஏற்றிக் காப்பாற்றிய ஒரே கோழியை வைத்திருந்தார். முகமூடிக்காரர்கள் கோழியைத் துரத்திக்கொண்டு தோட்டத்தை மிதித்து நாசமாக்குவது அவருக்குப் பிடிக்காது. காலைக் கட்டி, கேப்டன் கையிலேயே கொடுத்தார். "பொறுப்பான ஆள் கையில குடுத்தா எனக்கு நிம்மதி," என்றார். அவர் உள்ளே திரும்பினதும், வண்டி முன்னால் நகர்ந்ததும், ஆட்கள் பாடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. கோழி ஓனேசிமின் சேணப்பைக்குள் போயிற்று. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் ஆடப் போனபோது, குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். நன்றாகச் சமைக்கத் தெரிந்த மனிதர்தான். அந்த ஊர் ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். கோழியை வெட்டி உப்பு, மிளகு, மிளகாய்த்தூள் தடவி, இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பைக் காயவைத்து, துண்டுகளைப் போட்டுக் கிளறாமல் விட்டார். அடியில் ஒட்டிக் கறுஞ்சிவப்பாக முறுகியதும் அவற்றை எடுத்துவிட்டு, வெங்காயமும் குடைமிளகாயும் செலரித் தண்டும் நறுக்கிப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, அடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டிக் கரைத்தார். கோழியை மறுபடி உள்ளே வைத்து மூடிபோட்டுத் தணலைக் குறைத்தார். வாசனை கிளம்பியதும் அறைக்குள்ளிருந்து, கோழி வேண்டும் என்று சொன்னதற்குப் பிறகு முதல் தடவையாக, கிளெலி தானாக ஒன்று கேட்டாள். "கோழி ஏது?"

"யூலாலி அத்தை குடுத்தாங்க," என்றார் ஓனேசிம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கிழக்கோழி, நேரமாகும் என்று விட்டார். பொழுது சாய்ந்து மூடியைத் திறந்தால் குழம்பு பழுப்பாக, மினுமினுவென்று, எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. கோழி மட்டும் சட்டியில் போட்டபோது இருந்ததுபோலவே பச்சையாகக் கிடந்தது. முள்கரண்டியால் குத்தினார், கரண்டிதான் வளைந்தது. மறுநாள் சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்து பார்த்தார், அப்படியேதான். அடுப்பை அணைத்தார். சட்டி கொதித்தது. சட்டியைத் தூக்கிக் கொல்லையில் ஈர மண்ணில் வைத்தார். அங்கேயும் கொதித்தது. வெட்கம் தாங்காமல் மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வருடக் கம்போ தண்ணீராக இருந்ததை மட்டும் பேசினார்கள். "கோழி குளிச்சிட்டுப் போன தண்ணி மாதிரி இருந்துச்சுப்பா," என்று கடையில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரிக்க, ஓனேசிமும் சிரித்தார். தவக்காலத்தில் கறி கூடாது என்று ஊரே முட்டையும் கெளுத்தி மீனும் தின்றுகொண்டிருக்க, கேப்டன் வீட்டுக் கூரைமேல் கோழிக்குழம்பு வாசனை ராப்பகலாக நின்றது. அந்தப் பக்கம் வண்டியோட்டிப் போகிறவர்கள் வாசனைக்கு அடியில் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள், தாண்டியதும் தொடர்வார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. பங்குச் சாமியார் ஒரு தடவை வந்தார், மேலே அண்ணாந்து பார்த்தார், "நோயாளிக்கு விலக்கு உண்டு ஓனேசிம், சபையில அதுக்கு இடம் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். தனக்கு எதில் விலக்கு வேண்டும் என்று அவரிடமும் ஓனேசிம் சொல்லவில்லை. கிளெலி தினமும் காலையில் கேட்பாள், "வெந்துடுச்சா?" அவரும், "கெழட்டுக் கோழிம்மா, இன்னும் கொஞ்சம்," என்பார். ஒவ்வொரு நாளும் அவள் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்து வந்தது. கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டு, கதவுப் பக்கம் பார்ப்பதோடு விட்டுவிட்டாள். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

அப்படியிருக்கும்போதுதான் யூலாலி அத்தை நோயாளியைப் பார்க்க வந்தார். ஓனேசிம் கதவோரம் நின்றார். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து கிளெலியின் தலைமுடியைக் கோதிவிட்டார். கிளெலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, ஒரே ஒரு கோழி வச்சிருந்தீங்க. அதையும் எனக்குன்னு குடுத்துட்டீங்களே," என்றாள்.

யூலாலி அத்தை திரும்பி ஓனேசிமைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருக்கலாம், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு கிளெலியிடம், "ஆமாம்மா, குடுத்தேன். நல்லா சாப்பிட்டு எந்திரி," என்றார். ஓனேசிமுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. தன் பொய்யைத் தூக்கி ஒரு விதவையின் மடியில் வைத்துவிட்டோமே என்று உடம்பு கூசியது.

ஓனேசிம் வாசல்வரை அத்தை பின்னாலேயே போனார். "அத்தை, மன்னிச்சிடுங்க. நான்..."

"எங்கிட்ட எதுக்கு? நான் அதை உங்கிட்ட குடுத்தப்பவே ஊர்க் கம்போவுக்குன்னு குடுத்துட்டேன். அது என் கோழி இல்ல. ஊர்க்கோழி." கேட்டைத் திறந்தவர் ஒரு நிமிடம் நின்றார். "வாயத் தொறந்து கேட்டிருந்தா, நானே குழம்பு வச்சு எடுத்துட்டு வந்திருப்பேனே, மடையா."

மறுநாள் காலை ஓனேசிம் சோனியே கொடியில்லாமல், குதிரையில்லாமல், தொப்பியில்லாமல் தெருவில் இறங்கினார். தவக்காலத்தின் நட்ட நடு வாரத்தில், முகமூடிக்காரர்கள் பிச்சை கேட்பதுபோலவே ஒவ்வொரு வாசலிலும் முழங்கால் போட்டார். ஒரு உள்ளங்கையை விரித்து, மறுகை விரலால் அதன் நடுவே தொட்டுக்காட்டினார். முகத்தை மறைக்கத்தான் ஒன்றும் இல்லை. "ஊர் அண்டாவுக்குச் சேரவேண்டிய ஒரு கோழிய நான் திருடிட்டேன். என் பொண்டாட்டிக்காக அதை எனக்குக் குடுப்பீங்களா?" பெண்கள் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். குழந்தைகள் வேலிமேல் ஏறினார்கள். சொல்லிவைத்ததுபோல வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான் கிடைத்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்போமே கேப்டன்." ஒருத்தராவது இல்லை என்று சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கும் நிலை வந்துவிட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை.

நெவில் மட்டும் அவரைச் சும்மா விடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை அவரை முழங்காலிலேயே வைத்திருந்தான். "கேப்டன், சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. இன்னும் ஏதாவது உள்ள சுத்தி வச்சிருக்கீங்களான்னு பாக்கணும்." அவர் தூக்கிக் காட்டினார். விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது. மனைவி சாப்பிடாத வீட்டில் அவரும் எங்கே சாப்பிட்டார். நெவில் முகம் சுண்டிப்போயிற்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான். "எந்திரிங்கண்ணே. குடுத்தாச்சு. போய் அண்ணிக்கு ஊட்டுங்க, போங்க."

கடைசி வீடு முடிந்து அவர் திரும்பியபோது சட்டி அடங்கியிருந்தது. மூடியைத் திறந்தார். கரண்டியை வைக்கும் முன்பே சதை எலும்பை விட்டு நழுவியது. சோறு வடித்து, மேலே ஊற்றி, வெங்காயத்தாள் தூவி எடுத்துக்கொண்டு போனார். தலையணையில் சாய்த்து உட்காரவைத்து முதல் கவளத்தை அவரே ஊட்டினார். கிளெலி துப்பவில்லை. இரண்டாவது கவளத்துக்குக் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டாள். தட்டு முழுக்கச் சாப்பிட்டாள், எலும்பையும் உறிஞ்சினாள், விரலால் தட்டை வழித்தாள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குச் சந்தோஷப்பட அருகதை உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அத்தை உன்னைத் திரும்பிப் பாத்தாங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் கிளெலி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேணாம், கொண்டுபோய்க் கொட்டுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பசிச்சுது." பிறகு தட்டை அவரிடம் நீட்டினாள். "இன்னும் இருக்கா?"

இருந்தது. கிளெலி அந்த ஈஸ்டரைப் பார்த்தாள், அதற்குப் பிறகும் முப்பது ஈஸ்டருக்குமேல் பார்த்தாள். சட்டியைத் தேய்த்து, எண்ணெய் பூசிக் கவிழ்த்துவைத்தார்கள். அதில் பிறகு எவ்வளவோ சமையல் நடந்தது, எல்லாம் வேகவேண்டிய நேரத்தில் வெந்தது. கூரைமேல் நின்ற வாசனை மட்டும் போகவில்லை. புயலில் கூரைத் தகரம் பறந்தபோதுகூட அது நகரவில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தபால்காரர் புது ஆட்களுக்கு வழி சொல்லும்போது, கோழிக்குழம்பு வாசனை வந்ததும் இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்பார். அடுத்த வருடமும் கொடியை ஓனேசிமிடமே கொடுத்தார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டு தலைகுனிந்தபடி குதிரையேறினார். அன்று ஊர்வலம் அவர் வீட்டு வாசலுக்கும் வந்தது. கிளெலி ஒரு சேவலைப் பறக்கவிட்டாள். முகமூடிக்காரர்கள் வாசனைக்குக் கீழே சேற்றில் விழுந்து புரண்டு துரத்திப் பிடித்து வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். கேப்டன் வண்டியருகிலேயே நின்று அதை வாங்கி உள்ளே போட்டார்.