சனிக்கிழமை ஹோட்டல் வானுக்கு அனுமதியில்லை

மெத்தை படிக்கட்டு வளைவில் இறுகிக்கொண்டது. மேல்பக்கம் ஜெயமலர், கீழ்ப்பக்கம் அவளுடைய கொழுந்தன் சந்திரகுமார், நடுவில் அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராஜா ஒன்பது மாதம் படுத்துக் கிடந்த இரட்டை மெத்தை.

"அண்ணி, உங்கடை பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. இல்லாட்டி இது இஞ்சையே குடியிருந்திடும்."

அவள் உயர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரி கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள். முந்தின நாள் பெண்கள் ஒப்பாரி வைத்தபோதும் அவள் இப்படித்தான் பார்த்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை சத்தம் போடக்கூடாத சுவிஸ் மாடிவீடு அது. அழுகையைப் பதினொன்றரைக்கே முடித்துவிட்டு எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். என்ன செய்வது, வந்த இடத்தின் ஒழுங்கு.

ஸ்ரீஸ்கந்தராஜா வெள்ளிக்கிழமை விடியற்புறம் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது, வயிற்றில் புற்று. உடலைக் காலையிலேயே வந்து கொண்டுபோய்விட்டார்கள், தகனம் திங்கட்கிழமை. பாடன் நகரத்தில் இருந்து ஓடிவந்த அவருடைய ஒன்றுவிட்ட தமக்கை பரமேஸ்வரி, வந்த நேரம் முதல் சாவீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னதும் அவள்தான்.

"செத்த ஆளின்ரை படுக்கை வீட்டிலை கிடக்கப்படாது. வாசல் தாண்டினது தாண்டினதுதான் பிள்ளை, திரும்பி உள்ளுக்கு வரப்படாது. அதுவும் சனிக்கிழமை. சனிப்பிணம் தனிப்போகாதெண்டு சும்மாவே சொன்னவை?"

"பிணம் வெள்ளிக்கிழமை போட்டுது மாமி," என்றான் சந்திரகுமார். அவளுடைய வாயை அடக்க நினைக்கும்போதெல்லாம் அக்கா என்பதை மாமி ஆக்கிவிடுவான். "இது வெறும் மெத்தை."

"உனக்குப் பகிடி. நாளைக்கு ஆருக்கும் ஒண்டெண்டால் என்னட்டை வராதை."

வாசல் தாண்டியாயிற்று. ஜெயமலர் வேலைசெய்யும் ஹோட்டலின் சமையலறைத் தலைமை ஆள் பதினொன்றரை மணிவரைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்த வான் வண்டிக்குள் மெத்தையை மடித்துத் திணித்தார்கள். வானின் இரண்டு பக்கத்திலும் ஹோட்டலின் பெயரும் ஒரு பெரிய மீனும் வரைந்திருந்தன. பகல் ஒரு கலியாண விருந்து, அதற்கு வான் வேண்டும். குப்பைக் கிடங்கும் சனிக்கிழமை பதினொன்றரைக்கே பூட்டுவார்கள். அப்போது மணி பத்தே முக்கால்.

போகும் வழியில் ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. பின்னாலிருந்து மருந்தும் வேர்வையும் கலந்த நாற்றம் வந்தது. எத்தனை தரம் விரிப்பு மாற்றியும் போகாத நாற்றம். ஆஸ்பத்திரியில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டுக்கு வந்தவர் அவர். காலையில் ஜெயமலர் ஹோட்டல் லாண்டரியில் ஊரார் விரிப்புகளைத் தோய்ப்பாள், பின்னேரம் வந்து அவருடையதைத் தோய்ப்பாள். கடைசி வாரம் அவர் கேட்டார், "மலர், இது இன்னும் எத்தினை நாளைக்கு?" கெதியில் சுகமாகும் என்று அவள் சொன்னாள். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூச்சு நின்றபோது அவள் மனதுக்குள் வந்த முதற்சொல் 'அப்பாடா'. அதுதான் அவளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், கைநீட்டி ஒரு நாள் அடித்தவரில்லை. அவர் போனதற்கு அப்பாடா என்றா சொல்வது? "அழு பிள்ளை, அடக்கி வைக்காதை" என்று பரமேஸ்வரி நெஞ்சில் சாய்த்துக்கொண்டபோதும் கண்ணில் ஒரு துளி வரவில்லை. ஆண்டி எப்ப சாவான், மடம் எப்ப காலியாகும் என்று காத்திருந்தவள் என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா? நாலு பேரை விடு, பக்கத்தில் வானோட்டுகிற இவன் என்ன நினைப்பான்? கூடப்பிறந்தவன் அல்லவா.

குப்பைக் கிடங்கின் வாசலில் ஒரு தடைக்கம்பு. அதன் பக்கத்தில் சிறு எழுத்தில் நிறைய எழுதிய ஒரு பலகை. சுவிஸில் குப்பைக்கும் சாதகம் உண்டு. பச்சைப் போத்தல் ஒரு வீட்டில், மண்ணிறப் போத்தல் இன்னொரு வீட்டில். பழைய பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் அதற்கு முத்தி இல்லை. செம்மஞ்சள் மேலங்கி போட்ட காவலாளி, அணைந்த சுருட்டை வாயில் வைத்தபடி வானைச் சுற்றி வந்தார். மீனைப் பார்த்தார். முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"நைன்," என்று தலையாட்டி மறுத்தார்.

சந்திரகுமார் இறங்கிப்போய்த் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கதைத்தான். காவலாளி பலகையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவன் முகம் செத்துத் திரும்பி வந்தான்.

"சனிக்கிழமை ஊர்ச்சனத்தின்ரை சின்னக் காருக்கு மட்டுமாம். கண்ணாடியிலை நகரசபை ஸ்டிக்கர் இருக்கவேணும். வியாபார வான் கிழமை நாளிலைதானாம், அதுவும் எடை நிறுத்துக் காசு கட்டி. இது வீட்டு மெத்தை எண்டு சொன்னன். மெத்தை சரி, வண்டி சரியில்லை எண்டுறார்."

"கெஞ்சிப் பாத்தனீரோ தம்பி?"

"பாத்தன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான்."

அவர்களுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார், வேலியில் வெட்டின கிளைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்த, றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

சந்திரகுமார் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, பின்னாலை காட்டுப் பக்கமாய் ஒரு றோட்டுப் போகுது. போட்டிட்டு வந்திடுவம். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"இந்த நாட்டிலையோ? மரத்துக்குப் பின்னாலை ஒரு கிழவி நாயோடை நிப்பாள். எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. மெத்தையைக் காட்டிலை எறிஞ்சவை எண்டு ஃபைலிலை எழுதினால் போதும், எங்களையும் தூக்கி எறிஞ்சிடுவாங்கள்."

"அப்ப வீட்டை கொண்டு போவம். பரமேஸ்வரி அக்காவுக்குச் சொல்லாமல் நிலவறையிலை வைச்சிட்டுத் திங்கள் பாப்பம்."

"வேண்டாம்."

"ரெண்டு நாள்தானே அண்ணி."

"அது திரும்பி வந்தால் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டன்." குரல் உரத்துவிட்டது. "அக்கா சொன்னதுக்காக இல்லைத் தம்பி. எனக்கு ஏலாது. இனி ஒரு நாளைக்கு, ஒரு மணித்தியாலத்துக்கும் ஏலாது."

சந்திரகுமார் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிடிபட்டுவிட்டேன் என்று ஜெயமலர் நினைத்தாள். நினைத்தபடியே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

அவளுடைய ஜெர்மன் எல்லாம் லாண்டரியில் பொறுக்கியது. ஈரம், காய்ந்தது, மடி, கெதியாய், முடிந்தது. இன்னும் சில சில்லறைச் சொற்கள், அவ்வளவுதான் கையிருப்பு. காவலாளி முன்னால் போய் நின்றாள்.

"என் புருசன்," என்றாள். "நேற்று. முடிந்தது." வானைக் காட்டினாள். "அவர் படுக்கை. வீட்டுக்குத் திரும்ப, இல்லை. இல்லவே இல்லை."

காவலாளி வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். அவளைப் பார்த்தார், வானைப் பார்த்தார். பிறகு, இவ்வளவு வருசம் தான் காவல் காத்த பலகைக்குக் கிட்டப் போய் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்தார். பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வாசித்தார்.

"வண்டி உள்ளே வரக்கூடாது," என்றார், ஒவ்வொரு சொல்லாக, அவளுக்கு விளங்கும்படி. "அது சட்டம்." பிறகு சொன்னார், "நடந்து வருகிறவர்களைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை."

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் ஓடிப்போய் வானின் பின்கதவைத் திறந்தாள்.

வானை ஓரங்கட்டினார்கள். மெத்தையை இழுத்து வெளியே போட்டதும் அது தன்பாட்டில் விரிந்துகொண்டது. உள்ளே கம்பிச் சுருள் வைத்த பழைய மெத்தை, நல்ல பாரம். பெரிய இரும்புப் பெட்டிகள் வாசலிலிருந்து இருநூறு அடி தூரத்தில் நின்றன, வழியும் ஏற்றம்.

"ரெண்டு பேரால காவ ஏலாது," என்றான் சந்திரகுமார் மூச்சு வாங்க. "இதுக்கும் நாலு பேர் வேணும்போலை கிடக்கு."

காவலாளி பின்னால் நின்ற சிவப்புக் காரிடம் போய் ஏதோ சொன்னார். றப்பர் சப்பாத்துக்காரர் இறங்கினார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூலையில் குனிந்தார். காவலாளி தடைக்கம்பை இறக்கிப் பூட்டினார், திறப்பைப் பைக்குள் போட்டார், அடுத்த மூலைக்கு வந்தார். வரிசையில் நின்ற மற்றக் கார்கள் எல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, நீங்கள் விடுங்கோ. நான் இன்னுமொரு ஆளைக் கேக்கிறன்."

"ஏன் விடவேணும்?"

நாலு பேரும் தோளில் ஏற்றினார்கள். முன்னால் வெள்ளைக்காரர் இருவர், பின்னால் சந்திரகுமாரும் அவளும். ஊரில் என்றால் பெண்கள் படலையடியோடு நிற்கவேண்டும், காவுகிறதும் கொண்டுபோகிறதும் ஆண்களின் பாடு. திங்கட்கிழமையும் வாசலோடு நின்றுகொள் என்று பரமேஸ்வரி இப்போதே சொல்லி வைத்திருந்தாள். அதையெல்லாம் ஜெயமலர் நினைத்தாள்தான். நினைத்துக்கொண்டே கால் பிசகாமல் நடந்தாள். தோள் நொந்தது. பரவாயில்லை, மனிதருக்கு இவ்வளவாவது செய்கிறேன் என்று இருந்தது.

பெட்டியின் ஓரத்தில் ஒரு இரும்பு மேடை, ஏழெட்டுப் படி. ஏறி நின்று கீழே பார்த்தால் உடைந்த கதிரைகள், ஒரு அலுமாரி, பச்சைச் சோபா ஒன்று. காவலாளி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்றில் விட்டார்கள்.

மெத்தை சோபாவின் மேல் தட்டையாக விழுந்து, துள்ளி எழும்பி, அந்தரத்தில் ஒருமுறை புரண்டு, மறுபடி விழுந்து, இன்னும் இரண்டு தரம் குதித்துவிட்டு அடங்கியது. படுக்க மனமில்லாத குழந்தையைப் படுக்கையில் போட்டது மாதிரி.

ஜெயமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது. கையால் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கால் வந்தது. அடக்க அடக்க வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ஒன்பது மாதத்தில் அவள் சிரித்ததே இல்லை. மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது, கண்ணால் தண்ணீர் ஓடியது, சிரிப்போ நிற்கிறதாயில்லை. ஐயோ, செத்து இரண்டு நாள் ஆகவில்லை என்று மனம் சொல்ல, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

வெள்ளைக்காரர் இருவரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுக் காவலாளி நின்றார், தலையைத் திருப்பப் போனார்.

சந்திரகுமார் அதற்குள் படியின் நடுவில் வந்து அவளை மறைத்து நின்றுவிட்டான். றப்பர் சப்பாத்துக்காரரின் சட்டைப் பையில் இருந்த சிகரெட் பெட்டியைக் காட்டி, ஒன்று தரமுடியுமா என்று கேட்டான். அவன் வாழ்நாளில் புகைத்தவனில்லை. அவர் கொடுத்தார், காவலாளி நெருப்பு வைத்தார். ஒரு இழுவை இழுத்ததும் இருமல் பிடித்தது. இருவரும் அவன் முதுகில் மாறிமாறித் தட்டினார்கள். பின்னால் அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை என்று அவனுக்குக் கேட்டது. அவன் தேவைக்கு அதிகமாகவே இருமினான்.