கரண்டு வந்த நேரம்

கரண்டு போனால் முதல் வேலை ஆம்ப்ளிஃபயரின் பொத்தானை அணைப்பது. எங்கள் பள்ளி மினி மீடியா கழகத்தின் முதல் சட்டம் அதுதான். அம்ஹாரிக் வாத்தியார் அயெனெவ் சார் அதை ஓர் அட்டையில் தடித்த எழுத்தில் எழுதி, மைக்குக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார். மைக்கின் முன்னால் மூக்கு உறிஞ்சக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். இரண்டாவதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. இடைவேளை இருபது நிமிடம்தான். நான் அறிவிப்புகளை வாசித்துவிட்டு, பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்திருந்தேன். பாதிப் பெயரில் கரண்டு போனது. ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்தது.

"போச்சு சனியன்!" என்றாள் வுபலெம். விளையாட்டுச் செய்தியை வாசிப்பது அவள் வேலை. பாதிச் செய்தியில் அவள் பெயரே வரும் என்பதால், வெட்கப்பட்டுக்கொண்டு அதை அவள் ஓட்டமாக வாசிப்பாள். ஓட்டம் அவளுக்கு எங்கேயும் வரும்.

நான் பொத்தானை அணைக்கவில்லை. மறதிதான். இந்த மாதத்தில் கரண்டு போனால் சாயங்காலம்தான் வருகிறது, அந்தத் தைரியம். கையிலிருந்த தாளை வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன். அது ரசாயன ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம், வெளியே இருந்து சத்தம் உள்ளே வராமலிருக்க. உள்ளே பேசுவது கூரைமேல் இருக்கும் நான்கு ஒலிபெருக்கிக் கூம்புகள் வழியாக வெளியே போகும். ஒன்று மைதானத்தைப் பார்க்கும், ஒன்று வாசலை, ஒன்று ஆசிரியர் அறையை. நான்காவது மதிலுக்கு அப்பால் இருக்கும் மாவு மில்லைப் பார்க்கும். மில்லின் சொந்தக்காரர் கஷாவ் மாமா. வுபலெமின் அப்பா.

"சனிக்கிழமை முதல் பஸ்ஸு," என்றாள் அவள், மேசைமேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை காலைல பயிற்சி மையத்துல தேர்வு ஓட்டம். நாப்பது பேர் வர்றாங்களாம், எட்டுப் பேரத்தான் எடுப்பாங்களாம்."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா திரும்பி வந்து எங்கப்பா மூஞ்சியப் பாக்குறேன். எடுத்துட்டா மூணு வருஷத்துக்கு நீ என் மூஞ்சியப் பாக்க முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார்? மைக்கில் நான் புலி. மைக்குக்கு வெளியே எலி. அவள் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் பெரிய எலி.

"ஷூவ எங்க வெச்சிருக்க?" என்று கேட்டேன். என் வீட்டில் வைக்கத்தான் முதலில் கேட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயம்.

ஏனென்றால் முதல் ஜோடி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். போன வருடம் மண்டலப் போட்டியில் அவள் முதலாவதாக வந்ததை மைக்கில் வாசித்தவளே நான்தான். அதுவரை அவள் ஓடுகிறாள் என்பதே அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து மில் ஓடாத நேரம், கஷாவ் மாமா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அன்று சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் ஷூவை எடுத்து, தோசை மாதிரியான இஞ்சரா சுடும் அடுப்பில் வைத்தாராம். அந்த ரப்பர் நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அவர் கெட்டவரில்லை. அடிக்கமாட்டார், குரலை உயர்த்தக்கூட மாட்டார். அதனால்தான் பயம். அவருடைய தம்பி ஓட்டம் ஓட்டம் என்று போய், முழங்கால் உடைந்து, படிப்பும் இல்லாமல் வீட்டோடு கிடக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எழுது, அப்புறம் காலைப் பற்றிப் பேசு என்பது கஷாவ் மாமாவின் கட்சி. பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. தேர்வு ஓட்டம் அதுவரை காத்திருக்காது.

"எங்கப்பா மில்லுலயே வெச்சிருக்கேன்," என்றாள் வுபலெம். "கதவுக்குப் பின்னாடி, தவிட்டு மூட்டைக்குள்ள. விளக்குக்குக் கீழதானடி இருட்டு!" சொல்லிவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. அயெனெவ் சார். ஒரு கையில் பாதி கடித்த ரொட்டி. முகம் வெளுத்திருந்தது.

"அணை! முதல்ல அத அணைம்மா!"

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான் சட்டென்று அணைத்தேன். திறந்த கதவு வழியாக மைதானத்தின் சத்தம் உள்ளே வந்தது. சத்தம் என்றா சொன்னேன்? எண்ணூறு பிள்ளைகள் இருக்கிற மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ ஒருவன் "விளக்குக்குக் கீழ இருட்டேய்!" என்று கூவினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"எந்த வார்த்தைலேர்ந்து சார் கேட்டுச்சு?" வுபலெமின் குரல் நூலாகியிருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்? நான் டீ குடிச்சிட்டிருந்தேன். மில்லு, மூட்டைன்னதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓடி வர்றேன்." சார் அட்டையைக் காட்டினார். "இத எதுக்கு எழுதி மாட்டியிருக்கு, ஃபாசிகா? அழகுக்கா? கஷாவ் பெற்றோர் சங்கத்துல இருக்காரு. நாளைக்கே இந்த ரூமப் பூட்டுன்னு வந்து நிப்பாரு." அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அவர் பயம்.

அடுத்த இரண்டு பாடவேளையும் நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வுபலெம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி என் பக்கம் தள்ளினாள். 'கரண்டு வந்ததும் மில்லு ஓடியிருக்கும். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது.' நான் தலையாட்டினேன். பொய் என்று இருவருக்கும் தெரியும். கரண்டு வந்த வேகத்தில் ஓட்டப்போய், மழைக்காலத்தில் ஒரு மோட்டார் புகைந்துபோனதிலிருந்து கஷாவ் மாமா காத்திருப்பார். வாசலுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பைப் பார்த்தபடி மூன்று முறை ஜெபம் சொல்வார். பல்பு துடிப்பதை நிறுத்தினால்தான் விசையை இழுப்பார். மூன்று ஜெபத்துக்குள் வுபலெம் எவ்வளவு பேசிவிடுவாள்! அந்த நேரத்தில் மில்லைப் போல அமைதியான இடம் ஊரில் வேறு கிடையாது.

"சனிக்கிழமன்னு சொன்னது வெளிய போயிருக்குமாடி?" வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பியதும் காதில் கேட்டாள். "ஷூ போனாப் போகட்டும். வெறுங்கால்ல கூட ஓடிருவேன். சனிக்கிழம தெரிஞ்சாத்தான் நான் செத்தேன். பஸ்ஸு பக்கத்துல வந்து நின்னுருவாரு."

"போகலை."

"எப்படிச் சொல்ற?"

"சும்மா... தோணுது."

சும்மா தோணவில்லை. எனக்குத் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வுபலெம் ஆம்ப்ளிஃபயருக்கு முதுகைக் காட்டி மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். நான் அதற்கு நேர் எதிரே. "எங்கப்பா மில்லுலயே" என்று அவள் வாயைத் திறந்தபோது பச்சைப் புள்ளி எரிந்தது. பார்த்தேன். கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு மூச்சு நேரம், இல்லை, இரண்டு மூச்சு நேரம், என் கை எழுந்திருக்கவில்லை. பயத்தில் உறைந்துபோனேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு மூச்சுக்குள், 'தெரிந்துவிட்டால் இவள் போகமாட்டாள்' என்று ஒரு நினைப்பு ஓடியதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போட? சனிக்கிழமை வெளியே போகவில்லை என்று அவள் நெஞ்சில் பால் வார்க்க என்னால் முடியும். வார்த்தால், எப்படித் தெரியும் என்பாள்.

எங்களுக்குக் காலை வகுப்பு மட்டும்தான். மணி அடித்ததும் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோவது வுபலெமின் தினசரி வேலை. "நீயும் வா," என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸாக இருந்தது. வாசலில் சமோசா போன்ற சம்பூசா விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும் எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கடவுள் இருக்காரு, போங்க," என்றாள். அது ஆறுதலாக இல்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்வதைப் போல இருந்தது.

மில் ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. வாசலில் ஆறேழு பெண்கள் டெஃப் தானிய மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பில் இடித்தாள். உள்ளே கஷாவ் மாமா தலை முதல் கால்வரை மாவாக, முதுகைக் காட்டிக்கொண்டு தானியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. வுபலெம் சாப்பாட்டுக் கூடையை என்னிடம் தந்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நழுவினாள். நானும் போனேன். தவிட்டு மூட்டையின் வாய் அவள் கட்டியபடியே கட்டியிருந்தது. அவிழ்த்து, தோள்வரை கையை விட்டாள். அவள் முகம் மலர்ந்தது. இருக்கு, என்று உதடு அசைந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஒரு ஷூவை வெளியே இழுத்தாள். நீல நிறம். பயிற்சி மையத்துக்குப் போன ஓர் அக்கா கொடுத்துவிட்டுப் போனது. ஒட்டியிருந்த தவிட்டை ஊதினாள். தவிடு பறந்தது. பறக்காமல் சில வெள்ளைத் தடங்கள் நின்றன. ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் ஒரு கட்டைவிரல். மாவு படிந்த பெரிய கையின் தடம்.

எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்து, அவள் கட்டியபடியே கட்டியிருக்கிறார்.

அடுப்பில் வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வுபலெமுக்கு மூச்சு வாங்கியது. பத்தாயிரம் மீட்டர் ஓடியும் அவளுக்கு அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. ஷூவை உள்ளே திணித்து மூட்டையைக் கட்ட மூன்று முறை முயன்றாள். நான் கட்டினேன்.

அப்போது கரண்டு போனது. மில்லின் மோட்டார் பட்டை தளர்ந்து, படபடத்து, நின்றது. வாசல் பல்பு அணைந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வுபலெம்," என்றார் கஷாவ் மாமா. "சாப்பாடு எங்க?"

கவிழ்த்துப்போட்ட டின்மேல் உட்கார்ந்தார். மில் நின்றால்தான் சாப்பாடு என்பது அவர் வழக்கம். கையைக் கழுவிக்கொண்டு கூடையைத் திறந்து, இஞ்சராவைக் கிழித்து ஷிரோ குழம்பில் தோய்த்துச் சுருட்டினார். மணிக்கட்டு வரைக்கும்தான் கழுவியிருந்தார், அதற்கு மேல் வெள்ளை. சுருட்டியதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் மகள் பக்கம் நீட்டினார்.

"வாயத் தொற."

வுபலெம் திறந்தாள். ஊட்டினார். மெல்லாமல் நின்றாள்.

"ஒரு வாய் மட்டும் ஊட்டினா பகையாம். இன்னொண்ணு வாங்கிக்கோ." இரண்டாவதும் ஊட்டினார். பிறகு இன்னொன்றைச் சுருட்டி, "நீயும் வா, ரேடியோ," என்றார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு இரண்டாவது வரவில்லை. அவர் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

நாலு வாய் சாப்பிட்டதும் குனிந்தபடியே சொன்னார்: "சனிக்கிழம சந்த நாளு. கூட்டம் தாங்காது. விடியறதுக்கு முன்னாடியே வந்துரு, வுபலெம். மூட்ட எடுத்துவைக்கணும்."

"சரிப்பா," என்றாள்.

எந்த மூட்டை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சந்தை நாளில் அவளை உதவிக்குக் கூப்பிடுவது புதிதில்லை. விடியலுக்கு முன்னால், முதல் பஸ் கிளம்பும் அந்த நேரத்துக்கு, கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசலில் போய் நின்று, அணைந்த பல்பைப் பார்த்தார்.

வுபலெம் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு டின்மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் மதிலுக்கு மேலே தெரிந்த கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் பயம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"சனிக்கிழம வெளிய போகலைன்னு அவ்வளவு நிச்சயமாச் சொன்னியே."

"தோணுச்சுன்னு சொன்னேன்."

"நீ அந்தப் பச்ச லைட்டுக்கு எதிர்லதான உக்காந்திருந்த?"

அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் அந்த அமைதியில் வரிசையில் நின்ற பெண்கள்வரை கேட்டிருக்கும். கஷாவ் மாமாவுக்கும் கேட்டிருக்கும். கரண்டு வந்தால் போதும், மூன்று ஜெபம் முடிந்ததும் மில் ஓடத் தொடங்கிவிடும், நான் என்ன சொன்னாலும் இரைச்சலில் போய்விடும். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் போலவே நானும் வாசலுக்கு மேலே தொங்கிய குண்டு பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு படிந்து, ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு, அது அசையாமல் தொங்கியது.