அக்கா தலை பின்னுகிறாள்

வீட்டு முன்னறையில் நடக்கும் ஆங்கில வகுப்பை அக்காவும் தங்கையான அவளும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். அதைக் கேள்வியாக, நெகட்டிவாக, பாஸ்ட் டென்ஸாக மாற்றி எல்லோரும் உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் நடப்பதைத்தான் வாக்கியமாக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். "கண்ணால பாத்ததுன்னா வாய் தானா வரும்டி."

அக்கா இறந்த பிறகு அவள் தனியாக நடத்துகிறாள். பலகையில் தினமும் ஆங்கிலத்தில் அதே வாக்கியம்: என் அக்கா தன் மகளுக்குத் தலை பின்னுகிறாள். கேள்வியாக மாற்றச் சொல்வாள். அதோடு சரி. அத்தனை குரல்கள் சேர்ந்து சொல்லும்போது உள்ளறையில் யாரோ இருப்பது போலிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பாள்.

அத்தான் நேற்றே சொல்லிவிட்டார். "அந்த வாக்கியத்தை மாத்தும்மா. பாப்பா என்னைத் தலையில கை வைக்க விடமாட்டேங்குறா. அம்மா பின்றாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களேங்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

இன்றும் கை அதையே எழுதியது.

"மேடம், நெகட்டிவ் எப்போ?" என்றார் முன்வரிசையில் இருந்த பஸ் கண்டக்டர். "பரீட்சைல அதத்தான் கேப்பான். டிக்கெட் கிழிச்சே காலம் போயிடும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் காதில் விழாததுபோல், "கேள்வியா சொல்லுங்க" என்றாள்.

அவள் தலை பின்னுகிறாளா? வகுப்பு ஒரே குரலில் கேட்டது.

உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஆங்கிலத்தில் பதில் சொன்னது: "யெஸ், ஷீ இஸ்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரையை விலக்கினாள்.

பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு காலி நாற்காலி. அதன்மேல் சீப்பு. நாற்காலிக்கு முதுகைக் காட்டி, கழுத்தை நேராக நிமிர்த்திக் காத்திருந்தாள். தலைமுடி சிக்கு விழுந்து கிடந்தது.

அவள் சீப்பை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்ல வகிடெடுத்தாள்.

பாப்பா திரும்பவில்லை. "மெதுவா, அம்மா" என்றாள்.

வாயைத் திறக்காமல் பின்னி முடித்துவிடலாம். நாளைக்கும் அப்படியே செய்யலாம். அக்கா இந்த வீட்டிலேயே இருப்பாள். சீப்பு முடியில் சிக்கி நின்றது.

"அம்மா இல்லடா செல்லம்" என்றாள். "சித்திதான்."

குழந்தையின் தோள்கள் தளர்ந்தன. அவள் சிக்கை விரலால் மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.