பாதியை எடுக்க வந்தவர்கள்

கடன் பணத்தை வாங்க எங்கள் சேமிப்புச் சங்கத்துக்குப் போனால், வரிசை படியிறங்கித் தெருவில் நின்றது. எனக்குப் பகீரென்றது. பன்னிரண்டு மணிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால், நான் வாடகைக்குப் பேசி வைத்திருந்த கடையைச் செல்போன் விற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். படுக்கையறை மூலையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, யாராவது அளவு கொடுக்க வந்தால் வீட்டுக்காரரை வெளியே விரட்டுகிற பிழைப்பு போதும் என்று அலைந்து பிடித்த கடை அது.

"அக்கா, இங்க வா!" காசாளர் ஜன்னலுக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி நின்றிருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி என்றாலும் கெட்டிக்காரி. பின்னால் இருந்தவர்கள் கத்தக் கத்த என்னைத் தனக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.

"என்னடி கூட்டம்? சங்கத்தை மூடப் போறாங்களா?"

"வாயைக் கழுவு. நேத்து சங்கத்துல நடந்த சேமிப்பு வகுப்புக்கு நீ வரலையே. காசை எல்லாம் ஒரே இடத்துல போட்டு வெக்காதீங்கன்னு பாடம் எடுத்த மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அதான் ஆளுக்குப் பாதியை எடுக்க வந்தோம்."

"எல்லாருமா? இன்னிக்கேவா? எடுத்து எங்கடி போடுவீங்க?"

"அதை அடுத்த வகுப்புல சொல்வாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் போடுகிற பணத்தைத்தான் சங்கம் நமக்கே கடனாகக் கொடுக்கிறது. பெட்டியில் எந்நேரமும் கொஞ்சம்தான் இருக்கும். இந்தக் கூட்டம் பாதி பாதியாக வழித்துக்கொண்டு போனால் என் கடனுக்கு எங்கே போவார்கள்?

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று திரும்பிக் கத்தினேன். "இப்படி ஒரே நாள்ல உருவினா சங்கம் என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு உங்க வீட்ல ஒரு ஆஸ்பத்திரிச் செலவுன்னா யார் குடுப்பா?"

"உனக்குக் கடன் வேணும்னா எங்க காசை நாங்க எடுக்கக் கூடாதா?" என்றது ஒரு குரல். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நியாயமான கேள்விதான், பாழாய்ப் போக.

ஓரகத்தியின் முறை வந்தது. காசாளர் பெட்டியின் அடிவரை துழாவி அவளுக்கு எண்ணிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"கையிருப்பு தீர்ந்துபோச்சும்மா. உங்க கடன் நாளைக்குத்தான்."

"நாளைக்கா? சார், கடை போயிடும் சார்!"

"நான் என்னம்மா பண்றது? நோட்டு அடிக்கவா முடியும்?"

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி ஆயுசு முழுக்க அந்தப் படுக்கையறை மூலைதான்.

ஓரகத்தி என் முழங்கையைத் தொட்டாள். "எவ்வளவு குறையுது?"

சொன்னேன்.

"என்கிட்ட இருக்கு. நான் தரேன். சங்கத்துல நூத்துக்கு ஒண்ணுதானே வட்டி? எனக்கு ரெண்டா குடு."

"அடிப்பாவி! அது எனக்கு வர வேண்டிய கடன்டி!"

"இல்லக்கா," என்றாள் நிதானமாக. "என்னோட சேமிப்பு."

மணி பதினொன்றரை ஆகியிருந்தது. கையை நீட்டினேன். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தாள்.