ஹேசல் பெயரில் ஓர் அனுமதி

காலை நான்கரை மணிக்கே லாயிட் பின்னக், தான் வேலை பார்க்கும் பப்பின் நிலவறையில் மண்டியிட்டுக் கிடந்தார். முந்தைய இரவு கடை மூடியபோது வீட்டுக்குப் போகப் பேருந்து இல்லை. சாமான் அறையில் கோட்டை விரித்து மூன்று மணி நேரம் படுத்தவர், எழுந்து நேராக இங்கே வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள். கீழே ஈரக் கல்தரை. பீப்பாய்களின் கழுத்திலிருந்து குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றாக, சதையையே பொசுக்கும் கழுவு மருந்து வாளிக்குள் இறக்கினார். பீரின் புளிப்பு வாடையும் மருந்தின் காரமும் சேர்ந்து மூக்கை அரித்தன.

மொத்தம் ஒன்பது குழாய்கள். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமைக் காலையில், மூன்று மணி நேரம் நிதானமாகச் செய்கிற வேலை. மருந்தைக் குழாய் முழுக்க இழுத்து ஊறவைக்க வேண்டும். பிறகு தண்ணீரால் அலச வேண்டும். மருந்து ஊதா நிறம். மேலே கவுண்டரில் அந்த ஊதா மறைந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது. கடைசியில், கழுவியவரே ஒவ்வொரு குழாயிலும் முதல் வாய் வைத்துப் பார்ப்பார். முப்பது வருடமாக லாயிட்டின் வழக்கம் அதுதான். தன் நாக்கு ஒப்புக்கொண்டால்தான் அடுத்தவன் வாய்க்கு.

ஆனால் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. உலகத்தின் மறுகோடியில் ஆட்டம். அங்கே பிற்பகல் என்றால் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் விடியற்காலை. குழாய் கழுவும் நாள் தள்ளித் தள்ளி, கால் இறுதி நடக்கிற சனிக்கிழமைக்கு வந்து நின்றது. போதாததற்கு, முதலாளி க்ராப்ட்ரீ போன வாரம் வேறொரு மலிவு மருந்தை இறக்கியிருந்தான். அதற்கு நிறமே இல்லை.

ஐந்தேகாலுக்குப் படிக்கட்டின் உச்சியில் அவன் பளபளப்பான ஷூக்கள் தெரிந்தன.

"லாயிட்! இன்னும் முடியலையா? வெளியே நாப்பது பேர் நிக்கிறான்."

"இந்த மருந்துல நிறம் இல்லைங்க. அலசிப் போச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியல. இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்க."

"ஆறு மணிக்குக் கதவு திறக்குது. நீ குழாய் கழுவுறியா, இல்ல பச்சைப்புள்ளையக் குளிப்பாட்டுறியா?"

கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த ஹேசல் தாக்ரே திரும்பினாள். பதினாறு வருடமாக அந்தப் பப்பின் தலைமைப் பணிப்பெண்.

"முதல்ல பாட்டில் மட்டும் கொடுக்கலாங்க. குழாயை ஏழு மணிக்கு மேல திறப்போம்."

"பாட்டிலை எங்க வேணா வாங்கிக் குடிப்பான் ஹேசல். குழாய் பீருக்காகத்தான் கண்ணு, இந்த நேரத்துல கதவை இடிக்கிறான்."

ஆறடிக்கப் பத்து நிமிடம். பீப்பாய்களை மறுபடி மாட்டிவிட்டு லாயிட் மேலே வந்தார். ஹேசல் இழுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு கிளாஸாக வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். ஆறு குழாய்கள் தேறின. ஏழாவது, கறுப்பு பீர். கண்கள் செருகுகிற களைப்பில் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

கிளாஸ் தரையில் சிதறியது. லாயிட் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் வெந்த முட்டை போல வெளுத்தன. கத்த வாய் திறந்தார், சத்தம் வரவில்லை.

"ஜேனைன்! ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!" ஹேசல் அலறினாள். இன்னொரு பணிப்பெண் ஜேனைன் போனை எடுத்தபோது க்ராப்ட்ரீ குறுக்கே வந்தான்.

"பின்வாசலுக்கு வரச் சொல்லு. முன்னாடி கூட்டம் நிக்குது."

ஆறு மணிக்குக் கதவை அவனே திறந்தான். பின்சந்தில் லாயிட்டை வண்டியில் ஏற்றியபோது, உள்ளே இருநூறு தொண்டைகள் பாடிக்கொண்டிருந்தன. கறுப்பு பீர்க் குழாயையும் ருசி பார்க்காத மற்ற இரண்டையும் துண்டு போட்டு மூடிவிட்டு, ஹேசல் தேறிய ஆறு குழாய்களில் மட்டும் பீர் பிடித்தாள். அன்று இங்கிலாந்து ஜெயித்தது.

திங்கட்கிழமை க்ராப்ட்ரீ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம்.

"ஒரு கையெழுத்து கண்ணு, அவ்வளவுதான்."

படித்தாள். லாயிட் பின்னக் வேலை நேரத்தில் போதையில் இருந்தார், அலசப் போதிய நேரம் கொடுத்தும் அலசவில்லை என்று இருந்தது.

"அவர் குடிக்கவே மாட்டார். ருசி பார்க்கிறதைக்கூடத் துப்பிடுவார்."

"அன்னைக்கு விழுங்கினானே!"

"மூணு மணி நேரத் தூக்கத்துல உங்களுக்குத் துப்பத் தெரியுமா?"

க்ராப்ட்ரீயின் சிரிப்பு அடங்கியது. "சரி. நகராட்சி அதிகாரி வந்தா யாரைக் கேப்பான்? அதிகாலை அனுமதி யார் பேர்ல இருக்கு? என் பேர்லயா?"

ஆறு மணிக்கே மது விற்க நகராட்சிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவனுக்கு மூன்று பப்கள். ஓர் அனுமதியிலும் அவன் பெயர் இல்லை. எல்லாம் வேலைக்காரர்கள் பெயரில். வரும் லாபம் அவனுக்கு, வரும் கேள்வி அவர்களுக்கு.

"வியாழக்கிழமை அரை இறுதி. அதுக்குள்ள கையெழுத்து வரணும். பழியை அவன் சுமக்கட்டும், இல்லேன்னா நீ சும. வேலையையும் விட்டுட்டு."

சமையலறைத் தொட்டியருகே ஹேசல் அந்தக் காகிதத்தை ஜேனைனிடம் நீட்டினாள்.

"போட்டுடாத," என்றாள் ஜேனைன்.

"போடலேன்னா வேலை போச்சு. இந்த வயசுல என்னை எவன் சேர்ப்பான்?"

"போட்டா லாயிட்டுக்கு வேலை போச்சு. தொண்டையில டியூப் செருகியிருக்கு, 'நான் குடிக்கல'ன்னு சொல்லக்கூட அவரால முடியாது." ஜேனைன் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அனுமதி உன் பேர்லதானே இருக்கு. நீ வேண்டாம்னு சொன்னா?"

மது விற்பனை உரிமத் தேர்வுக்குப் படித்த புத்தகத்தின் ஒரு பக்கம் ஹேசலின் ஞாபகத்துக்கு வந்தது.

"வேண்டாம்னு ஒரு நாள் முன்னாடி எழுதிக் கொடுத்தா ரத்து. அனுமதி யார் பேர்லயோ அவங்கதான் கொடுக்கணும். அவன் கொடுக்க முடியாது, தடுக்கவும் முடியாது."

"அப்ப வியாழக்கிழமை?"

"பத்து மணி வரைக்கும் சொட்டு பீர் விற்க முடியாது. ஊரே நம்மளக் காறித் துப்பும்டி."

"துப்பட்டும். நானே துப்புவேன், எனக்கும்தான் அரை இறுதி பார்க்கணும்! மத்த ரெண்டு பப்புல யார் பேரு?"

"நம்மள மாதிரி ரெண்டு ஏமாளிங்க."

ஹேசல் போனை எடுத்தாள். பாலத்தடிப் பப்பின் மொய்ரா சக்டன், கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள்: "எங்க கடையிலயும் அந்தத் தண்ணி மருந்துதான். என்ன எழுதணும்னு மட்டும் சொல்லு." சந்தைப் பப்பின் ஐவர் பயமாக இருக்கிறது என்றான். அரை மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "பயம் போகல. ஆனா வரேன்."

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு முன்பே நகராட்சிப் படிகளில் பதினொரு பேர் நின்றார்கள். சமையல்காரர்கள், துப்புரவுப் பெண்கள், இரவு வேலை முடித்துப் படுக்க வேண்டியவர்கள்கூட. யார் சொல்லியோ தெரியவில்லை, க்ராப்ட்ரீ காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"ஹேசல், இங்க வா. தனியாப் பேசுவோம்."

"தனித்தனியாப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். இங்கேயே பேசுங்க."

"என்னதான் வேணும்?"

"லாயிட் மேல பழி சொல்ற காகிதத்தைக் கிழிக்கணும். அவர் வேலை அவருக்கு இருக்கணும். கடை மூடி, தூங்கி எழுந்து வர நேரம் வேணும். ஊதா மருந்து வேணும். இப்பவே எழுதிக் கொடுங்க, நாங்க திரும்பிப் போயிடறோம்."

"முடியாது! வியாழக்கிழமை கதவு பூட்டியிருந்தா ஜனம் கல்லெறியும். யார் மேலன்னு நினைக்கிற?"

படியோரமாக நின்ற ஒரு கிழவர் கனைத்தார். வில்ஃப் கார்சைட், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர். இங்கிலாந்துச் சட்டையை இன்றும் கழற்றவில்லை.

"நான் கறுப்பு பீர்தான்யா குடிப்பேன், க்ராப்ட்ரீ. அன்னைக்கு லாயிட் வாய் வைக்கலேன்னா அது என் தொண்டைக்குள்ள போயிருக்கும். கல்லு எடுக்கச் சொன்னா, எந்தப் பக்கம் எறியணும்னு எனக்குத் தெரியும்."

க்ராப்ட்ரீ போனில் யாரையோ அழைத்தான். வக்கீலாக இருக்கலாம். ஒன்பது மணி அடித்தது. கதவு திறந்தது. படிகளில் நின்ற பதினொரு பேரும் வில்ஃபும் உள்ளே நடந்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாப் பெண் நிமிர்ந்தாள். வெள்ளிக்கிழமை தனக்கு வேலை இருக்குமா என்று ஹேசலுக்குத் தெரியாது. மொய்ராவும் ஐவரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"யார் முதல்ல?" என்றாள் குமாஸ்தா.

ஹேசல், ரத்து எழுதிய தன் காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளவில்லை. மொய்ராவிடமிருந்து ஒன்றையும் ஐவரிடமிருந்து ஒன்றையும் வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து அடுக்கினாள்.

"முதல்ல, பின்னாலன்னு இல்ல கண்ணு," என்றாள். "மூணும் ஒண்ணாத்தான்."